அவள் மூச்சில் இருந்தது

ஆஸ்பத்திரியிலிருந்து,
செவ்வாய்க்கிழமை

என் அன்புக்குரியவருக்கு,

'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் முதல் பாதியை இப்போதைக்கு எழுத முடியவில்லை. நீங்கள் நலமாக இருங்கள். கடல் அடங்கி இருக்கட்டும்.

போனில் நான் சொன்னது எதுவும் பொய் இல்லை. பெண் குழந்தை, சுகப்பிரசவம், பிறந்ததும் அழுதாள், கை கால் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனால் உங்களுக்குப் பின்னால் நாலு பேர் போனுக்காக வரிசையில் நிற்கிறார்கள், லைன் வேறு கரகரவென்று இழுக்கிறது. அதற்கு மேல் எதை எப்படிச் சொல்வது? மீதியை எழுதுகிறேன். இந்தக் கடிதம் ஏஜென்ட் ஆபீஸ் போய், அங்கிருந்து உங்கள் கப்பலைத் தேடி வருவதற்குள் விஷயம் ஒரு முடிவுக்கு வந்திருக்கும். அந்த தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மூக்கு உங்களுடையது. கோபம் என்னுடையது. பால் கொடுக்க ஒரு நிமிஷம் தாமதித்தால் வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்துகிறாள். உங்கள் அக்கா அவளைப் பார்த்தவுடனே முகம் எங்கள் குடும்பம், தொண்டை மட்டும் அவள் அம்மா என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். துணைக்கு என்று வந்தவர் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார். ஆனால் நம் வீட்டில் காலடி வைத்ததிலிருந்து அவருக்குத் தலைவலி. என் சமையல்தான் காரணமாம். எனக்கும்தான் தலைவலி, நானும் என் சமையலைத்தானே சாப்பிடுகிறேன் என்று சொன்னேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அவள் செக்கச்செவேல் என்று பிறந்திருக்கிறாள். பிரசவ அறையில் இருந்த நர்ஸ் தக்காளிப்பழம் என்று கொஞ்சினாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பெரியவனும் இப்படித்தானே பிறந்தான்? உள்ளங்கால்கூடச் சிவப்பாக இருந்ததே. நல்ல நிறம் என்று நீங்கள் ஊருக்கெல்லாம் சொன்னீர்கள்.

அவனைப் பெரியவன் என்று இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறேன். இத்தனை நாள் அவன் நமக்குக் குட்டிதான். இப்போது தங்கை வந்துவிட்டாள், இனி அவன் பெரியவன். மூன்று மாதம்கூட நிறையாத பெரியவன்.

டாக்டர் ஒரு பெண். வயது என்னைவிடக் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் கேள்வி கேட்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் பிள்ளையும் இப்படிச் சிவப்பாக இருந்தான், பிறகு கொஞ்சம் மஞ்சள் பூத்தான், அது வடிந்தது, நன்றாகத்தான் இருந்தான், ஒருநாள் காலையில் தொட்டிலில் எழுந்திருக்கவில்லை. காரணம் என்று யாரும் எதுவும் சொல்லவில்லை. சில பிள்ளைகள் இப்படிப் போய்விடும் என்று மட்டும் சொன்னார்கள். இதைக் கேட்டதும் அவர் உடனே ரத்தத்தையும் மூச்சையும் பார்த்துவிடலாம் என்றார்.

மூச்சில் என்ன பார்ப்பது என்று எனக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னார். நம் ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்கள் வயதாகி உடையும்போது ஒரு வாயு துளித்துளியாக உண்டாகுமாம். கார்பன் மோனாக்சைடு என்று பெயர். அது மூச்சோடு வெளியே போய்விடும். அணுக்கள் அளவுக்கு மீறி உடைந்தால் மூச்சில் அந்த வாயுவும் கூடும். உடம்பு மஞ்சளாவதற்கு முன்பே மூச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்றார்.

ஒரு நர்ஸ் சின்னப் பெட்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். உங்கள் அக்கா அவளுக்கு உடனே மூச்சுக்காரி என்று பெயர் வைத்துவிட்டார். முதலில் அறையின் காற்றை அந்தப் பெட்டிக்குக் காட்டினாள். பிறகு நூல் கனத்தில் ஒரு குழாயை நம் பெண்ணின் மூக்கின் விளிம்பில் வைத்தாள். குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தாள். ஊசி இல்லை, அழுகை இல்லை. பெட்டி தானாக ஏதோ யோசித்துக்கொண்டிருந்தது. நான் மூச்சுக்காரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண் வந்ததும் அவள் முகம் மாறவில்லை. மாறாமல் இருக்கப் பழகிய முகம் அது. ஆனால் என்னைப் பார்க்காமல் வெளியே போனாள்.

அளவு அதிகம். அப்படியானால் அணுக்கள் உடைகின்றன, ரத்தம் குறைந்திருக்க வேண்டும் என்று குதிகாலில் குத்திப் பார்த்தார்கள். குறையவில்லை. சிவப்பணு இருக்க வேண்டியதைவிட மிக அதிகமாக இருந்தது. குதிகால் ரத்தம் சில சமயம் கூட்டிக் காட்டும் என்று நரம்பிலிருந்து எடுத்து மறுபடி பார்த்தார்கள். அதே கதைதான். ரத்தம் கெட்டியாக இருக்கிறது, ஓடுவதற்குச் சிரமப்படும் என்று கொஞ்சம் ரத்தத்தை வெளியே எடுத்துவிட்டு அதற்கு ஈடாக உப்பு நீரை ஏற்றியிருக்கிறார்கள். இப்போது தூங்குகிறாள். சிவப்பு சற்று மட்டுப்பட்டிருக்கிறது.

டாக்டர் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. "ரெண்டும் சேர்ந்து வரக் கூடாதும்மா. உடைஞ்சா குறையணும். இது கூடியிருக்கு. எனக்கே புரியல" என்றார். புரியவில்லை என்று சொன்ன டாக்டரை நான் இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். அதனாலேயே அவர்மேல் நம்பிக்கை வந்தது. பயமும் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களிடம் எப்போதோ சொல்லியிருக்க வேண்டியது. வீட்டில் எனக்குப் பெரியவனின் சத்தம் கேட்கிறது. அழுகை இல்லை. பால் குடித்து முடித்ததும் நாக்கைச் சப்புக்கொட்டுவானே, அந்தச் சத்தம். தொட்டில் இருந்த மூலையிலிருந்து வரும். சில நாள் அவன் கனம் என் மார்பின்மேல் ஏறிக்கொள்ளும். மூச்சு முட்டும். விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன வாரம் உங்கள் அக்கா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டு, "இங்க ஏதோ பச்சப்புள்ள சத்தம் கேக்குதா?" என்று என்னிடம் கேட்டார். பக்கத்து வீட்டில் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டில் குழந்தையே கிடையாது.

அவன் தங்கையைக் கூப்பிடுகிறானோ என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. திட்டாதீர்கள். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் இதையெல்லாம் எழுதியிருக்கமாட்டேன், அழுதிருப்பேன், அதோடு போயிருக்கும்.

நாளைக்கு மறுபடி அளக்கிறார்கள். உங்கள் அக்கா வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு மாற்றுத்துணி கொண்டு வருவார். கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். உங்களுக்குத் தெரிந்த தெய்வம் எதுவாக இருந்தாலும் அதனிடம் அவளுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்கள்,
வீட்டுக்காரி


வீட்டிலிருந்து,
ஞாயிற்றுக்கிழமை

என் அன்புக்குரியவருக்கு,

இப்போது எழுதலாம்: நலம். அவள் நலம், நானும் நலம். இதை இரண்டு தடவை படித்துக்கொள்ளுங்கள். பிறகு மேலே படியுங்கள்.

இந்தக் கடிதத்தை நானே ஏஜென்ட்டிடம் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். நீங்கள் ஒப்பந்தம் முடிந்து இறங்குகிற துறைமுகத்தில், இறங்கிய பிறகுதான் கையில் தர வேண்டும் என்று சொல்லப்போகிறேன். நடுக்கடலில் நின்றுகொண்டு இதை நீங்கள் படிக்கக் கூடாது. இப்போது உங்கள் காலடியில் தரை இருக்கிறதா? இருந்தால் எங்காவது உட்கார்ந்துகொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் மூச்சுக்காரி மறுபடி வந்து அளந்தாள். அளவு நன்றாக இறங்கியிருந்தது. நான் மகிழ்ந்தேன். டாக்டர் மகிழவில்லை. அணு உடைவது ஒரே நாளில் தானாக நின்றுவிடாதாம். அப்படியானால் இது அவள் உடம்பில் உண்டான வாயு இல்லை, வெளியிலிருந்து உள்ளே போனது, இப்போது வெளியேறிக்கொண்டிருக்கிறது என்றார். வீட்டில் யார் புகைபிடிப்பது என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் அக்காவுக்குச் சிரிப்பு. "எந் தம்பி பிடிப்பான் டாக்டர், ஆனா அவன் கப்பல்ல இருக்கான். அங்கேருந்து இவ்வளவு தூரம் புகை வருமா?" என்றார். விட்டுவிட்டேன் என்று நீங்கள் எனக்குச் சத்தியம் செய்ததை நான் மறக்கவில்லை. அதை நீங்கள் வந்த பிறகு பேசிக்கொள்வோம்.

சிகரெட் பழக்கத்தை நிறுத்த வருகிறவர்களை ஊதச் சொல்ல அங்கே ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். அதை எடுத்து வரச் சொன்னார் டாக்டர். முதலில் நான் ஊதினேன். ஆஸ்பத்திரிக்கு வந்து இரண்டு நாள் ஆகிவிட்டதால் ஒன்றும் பெரிதாக இல்லை. அடுத்து உங்கள் அக்கா. அவர் அப்போதுதான் வீட்டில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்திருந்தார். அவர் குளியல் உங்களுக்குத் தெரியாததா? வெந்நீர் தீரும்வரை வெளியே வரமாட்டார். பலூன் ஊதும் போட்டியில் ஜெயிக்கிறவர் மாதிரி கன்னத்தை உப்பவைத்து ஊதினார். நாள் முழுக்கப் பிடிக்கிற ஆளுக்கு வருகிற எண் வந்தது. தன் ஆயுளில் ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை என்று அவர் சண்டைக்கே போய்விட்டார்.

டாக்டர் சண்டையைக் கவனிக்கவில்லை. என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார். "வீட்ல வெந்நீர் எதுல போடுறீங்க?"

கேஸ் ஹீட்டர் என்றேன். அது எங்கே இருக்கிறது, அதன் புகை எந்த வழியாக வெளியே போகிறது என்று கேட்டார். குளியலறையில் இருக்கிறது, குழாய் மேலே கூரைப் பலகைக்குள் போகிறது என்று சொன்னேன். அதற்கு அப்புறம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் தெரியவில்லை.

அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. மூச்சு வழியாக உள்ளே போய்ச் சிவப்பணுக்களைப் பிடித்துக்கொண்டு விடாதாம். சுமை தூக்குகிறவர்கள் முதுகில் வேறொருவன் ஏறி உட்கார்ந்துகொண்டது போல என்றார் டாக்டர். வயிற்றுப் பிள்ளைக்குக் காற்று கொண்டுபோகிற ஆள் போதவில்லை. அதனால் இன்னும் இன்னும் ஆள் சேர்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அதுதான் அந்தச் சிவப்பு. நாம் நிறம் என்று கொஞ்சியது அவள் மூச்சுக்காகப் பட்ட பாடு.

தலைவலி, மார்பில் கனம், விளக்கைச் சுற்றி வளையம், இல்லாத சத்தம் காதில் கேட்பது, எல்லாம் அதன் வேலைதான் என்றார். எப்போது கேட்கும் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். குளித்த பிறகு, துணி அலசிய பிறகு, வெந்நீர் ஓடிய பிறகுதான். ஒருதடவைகூட மாறி வந்ததில்லை.

எங்களை வீட்டுக்குள் போகக் கூடாது என்றார். ஹீட்டர் மெக்கானிக்கை உள்ளே அனுப்பிவிட்டு, உங்கள் அக்காவோடு நானும் நம் வீட்டு வாசலிலேயே நின்று பார்த்தேன். குழந்தை வார்டில் மூச்சுக்காரியிடம் இருந்தாள். மெக்கானிக் கூரைப் பலகையைக் கழற்றிக் குழாயைத் தொடர்ந்து போனார். அது வெளிச்சுவர்வரை வந்து முடிகிறது என்றார். வெளியே வந்து பார்த்தால் சுவரில் ஒன்றும் இல்லை. வழவழவென்று ஒரே நிறமாக இருந்தது. உளியால் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. அங்கே உடைத்தார். பூச்சு, அதற்குப் பின்னால் தகரம், அதற்குப் பின்னால் கரியும் காய்ந்த புறாக்கூடும்.

"யாருங்க இத அடைச்சது? கை சுத்தமான ஆளு. ஓட்டை இருந்ததே தெரியல" என்று பாராட்டினார்.

உங்கள் அக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வீட்டில் முன்பு குடியிருந்தவர்கள் என்று அவர் மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பெரியவன் பிறப்பதற்கு முன்னால் நீங்கள் விடுமுறையில் வந்தீர்கள். ஓட்டை என்றால் உங்களுக்குக் கண் உறுத்தும். வெல்டருக்கு அதுதானே தொழில், சின்ன இடுக்கு இருந்தாலும் கப்பலுக்குள் கடல் வந்துவிடும். புறா நுழைகிறது, வேண்டாத பழைய ஓட்டை, பச்சைப் பிள்ளை வருகிற வீட்டுக்குள் குளிர்காற்று வரக் கூடாது என்று ஏணி போட்டு ஏறினீர்கள். நான் கீழே நின்று போதும் இறங்குங்கள், சாப்பாடு ஆறுகிறது என்று கத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் இறங்காமல் அதன்மேல் வண்ணமும் பூசினீர்கள். பிறகு இறங்கி வந்து தூரத்தில் நின்று பார்த்துச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

டாக்டரிடம் கேட்டேன். பெரியவனும் இதனால்தான் போனானா என்று. "இருக்கலாம்மா. இப்ப உறுதியா யாராலயும் சொல்ல முடியாது" என்றார். இருக்கலாம் என்பதோடு நாம் இருவரும் இனி வாழ வேண்டும்.

எழுதாதே, தெரிந்தால் தாங்கமாட்டான், பூச்சு தானாக உதிர்ந்தது போல ஓட்டையைப் பழசாக்கி விட்டுவிடலாம் என்று உங்கள் அக்கா கெஞ்சினார். நானும் முதலில் சரி என்றுதான் சொன்னேன். பிறகு யோசித்தேன். நீங்கள் ஊருக்கு வந்தால் பெட்டியைக்கூட இறக்காமல் வீட்டைச் சுற்றி வந்து ஒவ்வொரு சுவராகப் பார்ப்பவர். உடைந்த பூச்சு கண்ணில் படும். மேலே போகிற குழாய் கண்ணில் படும். யாரும் சொல்லாமலே உங்களுக்குப் புரிந்துவிடும். அந்தச் சுவர் முன்னால் நீங்கள் தனியாக நிற்பீர்கள், எங்களிடம் எதுவும் கேட்கமாட்டீர்கள், நாங்களும் எதுவும் சொல்லமாட்டோம். அப்படியே ஆயுள் முழுக்கப் போய்விடும். அது எனக்கு வேண்டாம்.

கோபம் வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். வந்தது. ஒரு நாள் முழுக்க உங்கள் பெயரைக் கேட்டாலே பல்லைக் கடித்தேன். உங்கள் சட்டையை எடுத்துத் தரையில் வீசினேன், பிறகு நானே எடுத்து மடித்து வைத்தேன். கதகதப்பாக இருக்கட்டும் என்று தொட்டிலைக் குளியலறைச் சுவரோரம் இழுத்துப் போட்டது யார்? நான்தான். நீங்கள் வேறிடம் காட்டினீர்கள், நான் கேட்கவில்லை. அவனைக் குளிரவிடக் கூடாது என்று இரண்டு பேரும் அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தோம்.

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம். குழாய்க்கு வழி விட்டாயிற்று. டாக்டர் சொன்னபடி ஒரு சின்னக் கருவியும் மாட்டியிருக்கிறோம், அந்த வாயு வந்தால் கத்தும். உங்கள் மகளும் கத்துவாள், அதனால் வீட்டில் காவலுக்குக் குறைவில்லை. அவள் சிவப்பு போய் மாநிறத்துக்கு வந்துவிட்டாள், என்னைப் போல. காதையும் மூளை வளர்ச்சியையும் அவ்வப்போது பார்க்க வேண்டுமாம். வளர வளரத்தான் தெரியும் என்கிறார்கள். இப்போதைக்கு நன்றாகக் குடிக்கிறாள், விரலைக் கொடுத்தால் விடமாட்டேன் என்கிறாள். பெயர் வைக்கவில்லை. நீங்கள் வர வேண்டும்.

உங்கள் அக்காவுக்குத் தலைவலி போய்விட்டது. என் சமையலையும் பாராட்டுகிறார்.

எனக்குத்தான் ஒன்று நடந்தது. இன்று காலையில் குளித்துவிட்டு வந்து, வழக்கம்போல அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். சத்தம் வரவில்லை. காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. இத்தனை நாள் எந்தச் சத்தத்துக்குப் பயந்தேனோ அது நின்றுவிட்டது, எனக்கு நிம்மதி வர வேண்டும், அழுகைதான் வந்தது. பிள்ளையை மறுபடி பறிகொடுத்த மாதிரி இருந்தது. எழுந்துபோய் வெளியே நின்று அந்த ஓட்டையைப் பார்த்தேன். ஒரு துணியை உருட்டி அதில் வைத்தால் அவன் வருவான் இல்லையா என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான். உள்ளே இவள் அழுதாள், ஓடிவிட்டேன். பயப்படாதீர்கள். இதை உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன், உங்கள் அக்காவுக்குத் தெரியாது.

நீங்களும் அந்த ஓட்டை முன்னால் நின்று எதையாவது நினைப்பீர்கள். நினைத்ததை என்னிடம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் என்னுடையதை முதலில் சொல்லிவிட்டேன்.

புறாக்கள் மறுபடி வர ஆரம்பித்துவிட்டன. ஓட்டைக்குக் கம்பிவலை அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கூடு கட்டி மறுபடி அடைத்துவிடும் என்றார் மெக்கானிக். தானே அடித்துத் தருவதாகவும் சொன்னார். வேண்டாம், என் வீட்டுக்காரர் கப்பலிலிருந்து வந்து அடிப்பார் என்று சொல்லிவிட்டேன். உங்கள் அக்கா என் கையைக் கிள்ளினார். நான் சொன்னதை மாற்றவில்லை. அதுவரை தினமும் காலையில் குச்சியால் புறாக்களை விரட்டுவது உங்கள் அக்காவின் வேலை.

வலை வாங்கி வைத்திருக்கிறேன். கண்ணி பெரிது, காற்று தாராளமாகப் போகும். நேரே வீட்டுக்கு வாருங்கள். வழியில் எங்கும் நிற்காதீர்கள், கரையில் யாரோடும் குடிக்க உட்காராதீர்கள், தனியாக ஓர் இரவுகூடத் தங்காதீர்கள். முதலில் உள்ளே வந்து உங்கள் மகளைத் தூக்குங்கள். அவள் மூச்சு உங்கள் கழுத்தில் படட்டும். பிறகு ஏறுங்கள்.

ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன்.

உங்களை எதிர்பார்த்திருக்கும்,
பெரியவனுக்கும் சின்னவளுக்கும் அம்மா